கணக்கைக் கண்காணிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையின்மை கூடியதா குறைந்ததா என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மல்லுக்கு நிற்கும் செய்திகளைத் தங்கள் இதழில் படித்துவருகிறேன். அந்தக் கணக்கைக் கண்காணிப்பது யார் என்று இரு தரப்புமே வாய் திறக்கக் காணோம்.

அரசின் புள்ளிவிவர முறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழுவின் பரிந்துரைப்படி, அரசுக் கணக்கெடுப்புகளை மேற்பார்வையிடும் தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைக்க 2005-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் அதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை; வெறும் அரசுத் தீர்மானம்தான். ஆணையம் எடுத்துச் சொல்லலாம், கேட்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 2017-18 தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கைக்கு ஆணையம் ஒப்புதல் அளித்த பிறகும் அது வெளிவராததால் 2019 ஜனவரியில் இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். தேர்தலெல்லாம் முடிந்து, மே மாதக் கடைசி நாளில்தான் வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த அறிக்கை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்க்கும் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் போதாது என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகமே ஒதுக்கிவைத்தது. தரம் உண்மையிலேயே போதாமல் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிப்பதும் அரசேதானா? தேர்வெழுதிய பிள்ளை தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிரிட்டனில் 2007-லேயே சட்டம் போட்டு, அமைச்சருக்கு அல்லாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் புள்ளியியல் ஆணையத்தை ஏற்படுத்திவிட்டார்கள்.

டெல்லி விவகாரம் நமக்கெதற்கு என்று சேலத்துக்காரர்கள் நினைக்க வேண்டாம். எங்கள் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்திருந்தார். கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டே அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்டம்மா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்குக் கணவர், "வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார். வந்தவரும் அப்படியே பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். (மடியில் கிடந்த மணிகளை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது!) கூலிக்கு வீட்டிலேயே செய்வதும், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பதும் வேலைதான் என்று கணக்கெடுப்பு விதியே சொல்கிறது. களத்தில் விதி மீறப்படுகிறதா என்று மறுபடி போய்ப் பார்த்து, எத்தனை வீடுகளில் பிழை கிடைத்தது என்பதை வெளியாள் ஒருவர் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

ஆணையத்துக்குச் சட்ட அதிகாரம் தரும் மசோதா, அறிக்கைகளின் வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே அறிவித்து மாற்றாமலிருக்கும் கட்டாயம், இந்த இரண்டையும் நம் மக்களவை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் எழுப்ப வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.