நல்ல ஸ்பீக்கரும் பத்துக்குப் பத்து அறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சேமித்த பணத்தைப் போட்டு உயர்தர ஸ்பீக்கர் வாங்கி, வீட்டில் முதல் பாட்டைப் போட்டதும் பலர் சொல்வது ஒன்றுதான்: “பாஸ் பத்தலையே.” கொஞ்ச நாளில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அதை வைத்த இடத்திலும், வைத்த அறையிலும், கேட்கிறவர் காதின் பழக்கத்திலும் இருக்கிறது. நம் நெல்லைப் பகுதி வீடுகளை மனதில் வைத்துச் சில விவரங்களை எழுதுகிறேன்.

முதலில் காது. கோயில் கொடை விழாக் கூம்புக் குழாயில் நடு ஸ்தாயிதான் வரும். அடியும் இல்லை, உச்சியும் இல்லை. மலிவான ஹோம் தியேட்டர் சப்வூஃபரோ எந்தத் தாளம் வந்தாலும் ஒரே “டும்” போட்டு இழுக்கும். நல்ல ஸ்பீக்கரில் தவிலைக் கேட்டுப் பாருங்கள். வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழுவதும் இடந்தலையில் கழி விழுவதும் தனித்தனியாகத் தெரியும். அடி நின்ற இடத்தில் சத்தமும் நின்றுவிடும். அப்படிச் சட்டென்று நிற்பதைத்தான் புதிதாகக் கேட்பவர் பாஸ் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார். நன்றாகத் தெரிந்த நாலைந்து பாட்டுகளை முழுசாக, மிதமான சத்தத்தில், அரை மணி நேரம் கேட்டால் காது தானாக வழிக்கு வரும். அரை நிமிஷத்துக்கு ஒரு பாட்டாக மாற்றினால் வராது.

அடுத்தது அறை. இதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினை. நம் வெயிலுக்குக் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் பத்தடி என்றால் 57 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி அங்கேயே தேங்கி ஊதிப் பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான அறையில் மூன்று திசையிலும் அதே எண் வருவதால் ஒரு சுரம் மட்டும் வீங்கும், மற்றவை மெலியும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரம் காணாமலே போய்விடும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் காதை அடைக்கும். இரண்டு அறை இருந்தால் மூன்று அளவும் வேறுபடுகிற அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு கணக்கு: பத்தடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்களை வைத்து, நீளவாக்கில் பார்க்கும்படி திருப்புங்கள். ஸ்பீக்கர் முகம் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச்சுவரிலிருந்து இரண்டடி, இரண்டுக்கும் இடையே ஆறடி. நீங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆறடியில் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமையும். உச்ச ஸ்தாயியைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே. நம்மில் பலர் தரையில் பாய் விரித்துத்தான் கேட்கிறோம். அப்போது காது இரண்டரை அடிக்கு வந்துவிடும். குட்டையான ஸ்டாண்டு போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரை லேசாக முன்பக்கம் சாய்த்து வையுங்கள். ஷோகேஸுக்குள் திணிப்பதும், மூலையில் ஒட்டி வைப்பதும், பரணில் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் போனால் அந்தப் பலகையும் சேர்ந்து அதிரும்.

டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர். இந்த அறையில் ஒரு தடவை கை தட்டினால் “டர்ர்” என்று ஒரு அதிர்வு கேட்கும். பாடகர் குரலைக் குழப்புவது அதுதான். முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுவது வீண். அவை ஒலியைப் போதுமான அளவு உறிஞ்சாது. பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மெல்லியது, இந்த வேலைக்குப் போதாது. நாலங்குலக் கனமுள்ள இலவம்பஞ்சு மெத்தை நன்றாக வேலை செய்யும். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒருவர் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிற இடத்தில் மெத்தையைச் சாத்துங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் கீழ் ஸ்தாயி வரை உறிஞ்சும். தரைக்குக் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு விட்ட திரை போதும்.

வயருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டர் தூரம் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு வயரே தாராளம். ஆனால் சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம் மாறிவிட்டால் பாஸ் ஓடிவிடும், குரல் ஊரெல்லாம் சிதறும். சந்தேகம் வந்தால் ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு வயரிலும் மைனஸைக் கறுப்பு வயரிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பாஸ் தருகிற பெரிய கூம்பான வூஃபர், இரண்டு ஸ்பீக்கரிலும் வெளியே தள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு 1964இல் மறைந்த நம் நாகஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். மோனோவில் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையே பேசுவதால் நாகஸ்வரம் நட்ட நடுவில், ஆளே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் தூரமோ திருப்பமோ சரியில்லை. எந்த விலை உயர்ந்த கருவியையும்விட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

ஆம்ப்ளிஃபயரில் பிஎம்பிஓ என்று அச்சிட்ட, கணநேர உச்சத்தைச் சொல்லும் ஆயிரக்கணக்கான வாட்ஸை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் கணக்கில் ஒரு ஸ்பீக்கருக்கு 30 முதல் 50 வாட்ஸ் இந்த அறைக்குப் போதும். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிக் கரகரக்க விட்டால்தான் ட்வீட்டரின் கம்பிச்சுருள் கருகும். இரைச்சல் வந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் போர்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை ஒடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து, அதை யாரும் செய்யக் கூடாது. பழைய ஸ்பீக்கர் வாங்கினால் வூஃபர் ஓரத்து ஸ்பாஞ்ச் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ அதை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபேனை ஒன்றில் வையுங்கள், முடிந்தால் அணையுங்கள். தம்புரா சுருதியின் பின்னணியை முதலில் தின்பது அந்தக் காற்றுச் சத்தம்தான்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சுவரோடு சுவராக அடுக்கி, பாஸைக் கூட்டிவிட்டு விற்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது ஒன்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஆகவே செல்போனில் உள்ள டெசிபல் ஆப்பை வைத்தாவது இரண்டையும் சமப்படுத்திக் காட்டுங்கள். வாங்க வருகிறவர் தன் பாட்டைத் தானே போட்டுக் கேட்க இடம் கொடுங்கள்.

நெல்லையில் உள்ள அரசு இசைப்பள்ளியில் ஓர் அறை, ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், நாலு மெத்தை, வாரம் ஒரு மாலை என்று ஒதுக்கினால், வாங்க வசதியில்லாத மாணவர்களும் நாகஸ்வரத்தையும் வில்லுப்பாட்டின் குடத்தையும் முழு உருவில் கேட்க முடியும். கலை பண்பாட்டுத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.