கல்யாண வரவேற்பில் பாட்டுக்குக் கட்டணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்து வருகிறேன். கடந்த தை மாத முகூர்த்தம் ஒன்றில், மாலை வரவேற்புக்காக மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தகப்பனார் மண்டப அலுவலகத்து வாசலில் ஒரு தாளோடு நின்றிருந்தார். வாடகை, மின்சாரம், துப்புரவு ஆகியவற்றுக்குக் கீழே ‘பாட்டு உரிமக் கட்டணம்’ என்று பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டவருக்கு, எல்லோரும் கட்டுகிறார்கள் என்பதே பதில். விருந்தினர் வரத் தொடங்கிவிட்டதால் அவரும் கட்டிவிட்டார். இரவு சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, இது முறைதானா என்று என்னிடம் கேட்டார்; எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உண்மையான சமயச் சடங்கில் பாடல்களை இசைப்பதும் ஒலிப்பதிவுகளைப் போடுவதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது 52-ஆம் பிரிவு. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய பிற கொண்டாட்டங்களும் சமயச் சடங்கில் அடங்கும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. நம் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் இதில் வராமல் வேறு எதில் வரும்? 2023 ஜூலையில் மத்திய அரசும் பொது அறிவிப்பு வெளியிட்டு, இதற்கு முரணாக நடக்கக் கூடாது என்று, பாடல் உரிமையாளர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கங்களுக்கு உத்தரவிட்டது.

பாட்டுக்கு யாரும் பணம் தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டல் புத்தாண்டு நிகழ்ச்சிக்கும் டிக்கெட் வைத்து நடத்தும் கச்சேரிக்கும் உரிமம் பெற்றே ஆக வேண்டும். ஒரு காலத்தில் தயாரிப்பாளரிடம் உரிமையை எழுதிக் கொடுத்ததோடு பாடலாசிரியரின் பங்கு பெரும்பாலும் முடிந்துபோகும். 2012 திருத்தத்துக்குப் பின், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது வரும் ராயல்டியில் (உரிமத் தொகையில்) பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சமபங்கை, அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அந்த உரிமையை மனமார மதிப்பதால்தான் கேட்கிறேன்: சங்கத்தின் பெயரோ ரசீதோ இல்லாமல் வாங்கிய பணம் எந்தப் பாடலாசிரியர் வீட்டுக்குப் போய்ச் சேரும்?

திருமணத்துக்கு இக்கட்டணம் இல்லை என்பதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு மண்டபத்தின் முன்பதிவு அறையிலும் பலகையாக வைக்கும்படி உள்ளாட்சி அமைப்புகள் உத்தரவிட வேண்டும். பிற நிகழ்ச்சிகளுக்கு வாங்கும் தொகைக்கு, எந்தச் சங்கத்துக்கு, எந்தக் கட்டண விகிதப்படி என்று குறித்த ரசீதை அன்றே தர வேண்டும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் கலைஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.