ரிஷ்தோஃபனுக்கு அரைப் பக்கம், இந்திரலால் ராய்க்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெர்மனியின் ரிஷ்தோஃபன் 80 விமானங்களை வீழ்த்தியதும், பிரான்சின் கினமேர் 53 வீழ்த்தியதும் விரிவாக இருந்தன. கல்கத்தாவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து அதே வானத்தில் சண்டையிட்ட இந்திரலால் ராயின் பெயரை மட்டும் காணோம். விமானப்படையில் ஏர்ஃபிரேம் பிட்டராக (விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

1917 டிசம்பரில் ராயின் விமானம் விழுந்து நொறுங்கிப் பலத்த காயம். இனிமேல் பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் விடாமல் போராடித் திரும்பினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், எதிரி விமானங்கள்மீது 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்சில் கார்வன் என்ற ஊருக்கு மேலே நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. இறந்த பிறகு டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்) என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள், அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நம் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜிக்கு இவர் மாமன் முறை.

அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ விமானம் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. துணி விறைப்பாக நிற்க அதன்மேல் பூசும் டோப் சட்டென்று தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்க் விமானிக்கு நேர் முன்னால். எங்கள் காலத்தில் பேராசூட் மடித்துக் கட்டவே தனிப் பிரிவு இருந்தது. அன்று பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்குப் பேராசூட் கொடுத்த பிரிட்டிஷ் ராணுவம், விமானம் ஓட்டிய இந்தப் பையன்களுக்குக் கொடுக்கவில்லை. கட்டுரையாளர் இதையும் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஏதோ பந்தயம் மாதிரித் தெரியும்.

அன்றைய அரசுகளுக்கு அந்த எண்ணிக்கை தேவைப்பட்டது. 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். பதுங்குகுழிச் சாவில் யாரை வீரன் என்று காட்டுவது? வானத்தில் தனியாகப் பறந்தவனுக்கு முகமும் பெயரும் இருந்தன. ஜெர்மனியில் விமானிகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. அங்கே 8 விமானங்களை வீழ்த்தியவருக்குக் கிடைத்த உயர்ந்த பதக்கம், பிறகு 16 வீழ்த்தினால்தான் என்று ஆனது. 1917 செப்டம்பரில் கினமேர் திரும்பி வராதபோது, இறங்க முடியாத உயரத்துக்குப் பறந்துவிட்டார் என்று பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிரிட்டிஷ் விமானப்படையோ அதிகாரபூர்வமாக இப்படிப் பட்டியல் போட விரும்பவில்லை. ராயின் பெயர் நம்மிடம் வந்து சேராததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் நூறாண்டு கழித்து நாமும் விட்டுவிட்டால் எப்படி?

வரும் ஜூலை 22 இதழில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ராய் நன்றாக வரைவார். அவர் வரைந்த விமானப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர்,
கிழக்குத் தாம்பரம்.