எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்க நினைக்கும் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் படத்தை அனுப்பியிருந்தாய், மூன்று தடவை பார்த்துவிட்டேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக் கூரை. உன் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வேண்டாம் என்று எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். அப்படிச் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? உன்னைவிட மூன்று வயது குறைவாக இருந்தபோது, கடன் வாங்கி இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவன் நான். நீ பிறந்த பிறகு மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதால்தான் அதை விற்றேன்.

வாங்கு. ஆனால் நான் வாங்கிய மாதிரி வாங்காதே.

நான் பார்க்கப் போனது ஒரு சாயங்காலம். "உங்களுக்காக முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்தேன்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்! சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை நீ பார்க்கும்போதுதான் முதல் தடவையாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சில நிமிடங்களில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. நிற்காமல் வந்து, இனிப்பான வாடையும் அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எரிபொருள் எரியும் இடத்துக்குள் போகிறது என்று பொருள், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடு. இரண்டாவது கியர் கரகரப்பதும் வண்டி ஆறியிருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

கிளட்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதி. எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையிலேயே கழித்துப் பேசு.

புகையும் கிளட்சும்கூட என்னை அவ்வளவு படுத்தவில்லை. என்னை அழவைத்தது தண்ணீர். துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சின்ன ஓட்டைகள் வழியாகக் குழாயில் இறங்கி வெளியே போக வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் வண்டியின் உடம்புக்குள்ளேயே தேங்கும். அப்படி இரண்டு ஓட்டைகள் இருப்பதே எனக்குத் தெரியாது. தரைவிரிப்பு ஈரமாக இருந்தபோது கண்ணாடியை மூட மறந்திருப்பேன் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து மெக்கானிக் ஒருவர், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையை ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். நனைந்த அட்டைக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே இரும்பே இல்லை! வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய, வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி போனது. அப்புறம் மாதத்துக்கு ஒரு நாள் வளையும் கம்பி ஒன்றால் அந்த ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்வதைப் பூசை மாதிரி செய்துவந்தேன்.

நீ பார்த்திருக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் பழைய மாடல்களிலும் துரு முதலில் பிடிக்கும் இடம் அதுதான், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால். குனிந்து, கை விட்டுத் தடவிப் பார். உனக்கு ஒரு சின்னக் காந்தம் அனுப்புகிறேன். காந்தம் ஒட்டாத இடத்தில் பூச்சு போட்டு மறைத்திருக்கலாம். முதல் தலைமுறை வண்டி என்றால் முன்பக்க மூடி அலுமினியம், அங்கே ஒட்டாது. அதைக் கண்டு பயந்து எனக்கு போன் செய்யாதே.

மற்றபடி உன் தேர்வு நல்ல தேர்வு. 1989-இல் வந்தது முதல் இன்றுவரை அந்த வண்டியின் குணம் மாறவில்லை. முதலில் வந்தபோது 1.6 லிட்டர் எஞ்சின்தான், எடையும் ஆயிரம் கிலோவுக்குள். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது. 2016-இலேயே பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டார்கள், அதனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

அதே பணத்துக்குப் பழைய போர்ஷே பாக்ஸ்டர் கிடைக்கும் என்று உன் நண்பன் ஆசை காட்டுகிறானாமே. கிடைக்கும்தான். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரி பாகத்தின் விலை இறங்கவில்லை. 1997 முதல் 2008 வரை வந்தவற்றில், எஞ்சினுக்குள் ஒரு தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உண்டு. எல்லா வண்டியிலும் போய்விடாது, ஆனால் போனால் எஞ்சினையும் கூட்டிக்கொண்டு போகும். அதை மாற்றியதற்கு ரசீது இருந்தால் பேசலாம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரையும் சிலர் சொல்வார்கள், அது வேறு ரகம். பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின், கொஞ்சம் ஆயில் குடிப்பது அதன் பிறவிக் குணம். நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாக, அதைச் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூட்டில் திணறினால் உள்ளே கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் சக்தி, குறைந்துவிட்டது.

பணத்தை முழுக்க வண்டிக்கே கொடுத்துவிடாதே. கையில் இருப்பதில் கால் பங்கையாவது முதல் வருடத்துக்கு ஒதுக்கி வை. எஞ்சினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இந்த மாதிரி வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், அதனால் டயரில் கோடு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேள், கொடுத்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

உயரம் குறைத்தது, சைலன்சர் மாற்றியது எல்லாம் வேண்டாம். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம் ஓட்டுவதைப் பற்றி. பின் சக்கரம் தள்ளும் வண்டி இது. ஈரமான வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து வெடுக்கென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின் டயர் பிடிப்பை விடும். எனக்கு நடந்தது. அரைச் சுற்று சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே வண்டி இல்லாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லாதே.

சனிக்கிழமை காலை போவதாகச் சொன்னாய். நீ வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. போனதும் முதலில் முன்பக்க மூடியின் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால் ஏன் என்று கேள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு போனில் சொல்.

அன்புடன்,
அப்பா