லேப்டாப் வாங்கும் முன்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் அம்மா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த மூன்று லேப்டாப்களின் விவரமும் விலையும் அதில் இருந்தன. “மகளிர் குழுவுல நாப்பதாயிரம் கடன் வாங்கியிருக்கேன் சார். இதுக்கு மேல ஒரு ரூபா புரட்ட முடியாது. இவ காலேஜ் முடிக்கிற வரைக்கும் உழைக்கணும், அப்புறம் சின்னவனுக்கும் ஆகணும். இதுல எதை வாங்கட்டும்?” என்று கேட்டார்.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு இதே கேள்வியோடு வந்த பெற்றோர் பலர் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நம் பள்ளியில் எந்த வீட்டுப்பாடமும் லேப்டாப் இருந்தால்தான் முடிக்க முடியும் என்று கொடுக்கப்படுவதில்லை, இனியும் கொடுக்கப்படாது. கணினி ஆய்வகம் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணி வரை திறந்திருக்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கே அங்கே முதல் இடம். பள்ளி எந்தக் கடையையும் சிபாரிசு செய்யவில்லை. “ஸ்கூல்ல சொல்லித்தான் வந்திருக்கோம்” என்று யாராவது வீட்டு வாசலில் நின்றால் நம்ப வேண்டாம்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

முதல் வரியில் இருந்தது புதிய லேப்டாப், 24,000 ரூபாய். செலரான் சில்லு (கணினியின் மூளை), 4 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு (கோப்புகள் நிரந்தரமாக இருக்கும் இடம்). கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது இந்தக் கருவி பிறக்கும்போதே கடைசிப் படியில் நிற்கிறது. ஒரு வீடியோ பாடத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு பக்கத்தைத் திறந்தால் திணறும். அந்த 64 ஜிபி இஎம்எம்சி வகை. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்தது, கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இருப்பதில் விலை குறைந்தது அதுதான், ஆனால் இரண்டு ஆண்டில் இன்னொன்று வாங்க வைக்கும்.

இரண்டாவது வரியில் “ஐ7” என்று இன்டெல் நிறுவனச் சில்லின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பழையது, 26,000 ரூபாய். அந்த அம்மாவுக்கு அதன்மேல்தான் கண். ஐ3-ஐ விட ஐ5 பெரியது, அதைவிட ஐ7 பெரியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது ஒரே தலைமுறைக்குள், அதாவது ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த சில்லுகளுக்குள், மட்டும் பொருந்தும் கணக்கு. ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். தாளில் இருந்தது 6600யு. முதல் எண் 6. ஆறாம் தலைமுறை, 2015-இல் வந்தது. அதற்குள் இருப்பது இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் இரண்டே பகுதி. 2022-இல் வந்த ஐ3-1215யு என்ற சில்லில் ஆறு கோர் இருக்கிறது. அதன் முதல் இரண்டு எண்கள் 12, பன்னிரண்டாம் தலைமுறை. பேரில் சின்னது, வேலையில் பெரியது.

வேகத்தை விட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகள் பெரும்பாலும் முறைப்படி ஏற்காது. வங்கிக் கணக்கு, விண்ணப்பம், கலந்தாய்வுக் கட்டணம் என்று பணம் புழங்கும் வீட்டுக் கருவியில் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருக்கக் கூடாது. பழைய லேப்டாப்பை மலிவாகத் தள்ளிவிடக் கடைகளில் இப்போது அவசரம் தெரிகிறது. அந்தப் பாரம் நம் பிள்ளைகளின் தலையில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது வரி புதியது, மெலிந்த அழகான கருவி, 39,500 ரூபாய். சில்லு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5, எண் 7520யு, 8 ஜிபி ராம். இதைத்தான் நானும் முதலில் சரி என்று நினைத்தேன். நம் கணினி ஆசிரியர்தான் நிறுத்தினார். இந்த 7000 வரிசை ரைசனில் முதல் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயது. 7520-இல் மூன்றாவது எண் 2. அது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். அதே ரைசன் 5 பெயரில் வரும் 7530-இல் மூன்றாவது எண் 3. அது அடுத்த வடிவமைப்பு, ஆறு கோர். தவிர, 7520-ஓடு வரும் ராம் எப்போதும் பலகையில் பற்றவைத்தே வரும். இன்று 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபிதான். பிளஸ் ஒன்னுக்கு 8 போதும். ஆறாண்டு கழித்துத் தம்பி கையில் போகும்போது?

இந்த இடத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2019-இல் என் மகள் கல்லூரி சேர்ந்தபோது நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் நான் பார்த்தது “1 டிபி” என்ற எண்ணை மட்டும். அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்பதோ, 4 ஜிபி ராம் போதாது என்பதோ, சில்லு ஏழாம் தலைமுறை என்பதோ எனக்குத் தெரியாது. இரண்டே ஆண்டில், பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்தால்தான் திரை வரும் என்ற நிலை. புதிது கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. இரவு முழுக்க அதோடு போராடியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அடிப்பக்கத்தைத் திறந்து, டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற, சுழலாத வேகமான சேமிப்பைப் போட்டு, காலியாக இருந்த இடத்தில் இன்னொரு ராம் சேர்த்ததும் அது புதிதுபோல் ஓடியது. அவள் படிப்பை முடித்தாள். விண்டோஸ் 11 ஏறாததால் இப்போது அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். தப்பாக வாங்கிய கருவியைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று: அதைத் திறக்க முடிந்தது.

அதனால் நாற்பதாயிரம்தான் என்று முடிவாகிவிட்ட வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். திறந்து பழுது பார்க்கக்கூடியதை வாங்குங்கள். ராம் 8 ஜிபி இருந்து, இன்னொன்று செருக ஒரு இடமும் காலியாக இருக்க வேண்டும். சேமிப்பு 512 ஜிபி எஸ்எஸ்டி, கழற்றக்கூடியது. சில்லு இன்டெல் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அல்லது அதற்கு மேல். திரை 1920-க்கு 1080, அதுவும் ஐபிஎஸ் வகை. மலிவான திரைகளைச் சற்றுச் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறிவிடும், கண்ணுக்கு வலி. ஒளிரும் விசைப்பலகை, கிராஃபிக்ஸ் கார்டு, தொடுதிரை எதுவும் வேண்டாம். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ்ஸும் பிளஸ் டூவில் பைத்தானும் படிக்க இதுவே தாராளம்.

ராம் கழற்றக்கூடியதா என்று கடையில் கேட்டால் “எல்லாம் பண்ணலாம் சார்” என்ற பதில்தான் வரும். டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் பெரும்பாலான மாடல்களுக்குப் பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் ராமைக் கழற்றும் படம் இருந்தால் கழற்றலாம். இல்லையென்றால் பற்றவைத்தது என்று பொருள். மாடல் எண்ணை முழுதாக எழுதி வாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கடைசி எழுத்து மாறினால் உள்ளே எல்லாம் மாறும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் இப்போதே 16 ஜிபிக்கு ஓட வேண்டாம். இடம் காலியாக இருந்தால் விலை இறங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்பதாயிரமும் கருவிக்கே போய்விடக் கூடாது. மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் ஸ்பைக் கார்டு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பை, ஒரு பென் டிரைவ், முடிந்தால் இரண்டாம் மூன்றாம் ஆண்டு வாரண்டி, இவற்றுக்கு இரண்டு மூவாயிரம் ஒதுக்குங்கள். “வட்டியில்லாத் தவணை” என்று சொன்னால் செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடி அதில் போகிறதா என்று கேளுங்கள். பில் ஜிஎஸ்டியோடு உங்கள் பெயரில், சீரியல் எண்ணோடு இருக்கட்டும். அந்த எண்ணை அங்கேயே நின்று நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று வரும். சர்வீஸ் சென்டர் நம் ஊரிலா, மாவட்டத் தலைநகரிலா என்பதும் விலையின் ஒரு பகுதிதான். இரண்டு முறை பஸ் ஏறி இறங்கினால் தெரியும்.

டாஸ் லேப்டாப் என்று விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்துக் கொடுப்பார்கள். “நாங்களே விண்டோஸ் ஏத்தித் தர்றோம்” என்பார்கள். அது பெரும்பாலும் திருட்டு விண்டோஸ். அதோடு வைரஸும் வரும். பிள்ளைகளுக்கு நாம் காட்டும் முதல் கணினி அப்படி இருக்க வேண்டாம். பணம் போதவில்லை என்றால் லினக்ஸும், கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸும் இலவசம், நேர்மையான வழி. ஏற்றித் தர நம் ஆய்வகத்தில் ஆள் இருக்கிறது.

இருபதாயிரத்துக்கு மேல் முடியாத வீடுகளும் நம்மிடம் நிறைய. வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டு பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கும் அலுவலக லேப்டாப்கள், திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள், சென்னை ரிச்சி தெரு முதல் நம் மாவட்டக் கடைகள் வரை வருகின்றன. 24,000 ரூபாய்க்கு விற்கும் புதிய செலரானை விட இவற்றின் கீலும் விசைப்பலகையும் பல மடங்கு உறுதி. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். உயிர்ப்பிக்கும்போது ஏதாவது கம்பெனியின் பெயரோ, கடவுச்சொல் கேட்கும் கறுப்புத் திரையோ வந்தால், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் கழலாமல் இருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள். விண்டோஸே பேட்டரி அறிக்கை ஒன்று எடுத்துத் தரும். புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

அண்ணனோ அக்காவோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டச்சு பழகவும் படிக்கவும் போதும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக: கல்லூரி திறக்கும் வரை பொறுங்கள். கட்டடக்கலைக்குச் சேர்ந்தவனுக்கு வேண்டிய கருவி வேறு, பி.காம். சேர்ந்தவளுக்கு வேண்டியது வேறு. முதல் மாதம் துறையில் கேட்டுவிட்டு வாங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வாங்கிய பிறகு அதை நீண்ட நாள் காப்பது வீட்டின் கையில். மெத்தைமேல், தலையணைமேல் வைத்து ஓட்டினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது தன்னைத்தானே வேக வைத்துக்கொள்ளும். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ போதும். எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல கருவிகளில் இருக்கிறது, போட்டுவிடுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அந்த அம்மா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மூன்றையும் விட்டுவிட்டு, ஐ3-1215யு, 8 ஜிபி, ஒரு காலி இடம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒன்றை 37,800 ரூபாய்க்கு வாங்கினார். கனம் கொஞ்சம் கூடுதல், அழகு கொஞ்சம் குறைவு. அக்காவுக்கும் தம்பிக்கும் அந்த லேப்டாப்பில் தனித்தனிப் பயனர் கணக்கு போட்டுக் கொடுத்தோம்.

சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை கணினி ஆசிரியரும் நானும் ஆய்வகத்தில் இருப்போம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளோடு வாருங்கள். வாங்கிவிட்டவர்கள், மாற்றிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் கருவியையும் பில்லையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்