ஞாயிறு வாசிப்பு: நந்தினி சத்பதி
நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒடிய எழுத்தாளர் நந்தினி சத்பதியைப் பற்றிப் பேசுகிறோம். அப்பா காளிந்தி சரண் பாணிக்கிரகியும் பெரிய எழுத்தாளர். 1972 முதல் 1976 வரை நந்தினி ஒடிசா முதல்வராக இருந்தார். அது சரி, எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 1977-இல் கட்டாக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, நீளமான கேள்வித்தாளை நீட்டினார்கள். பதில் சொல்ல மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், மௌனம் காக்கும் உரிமை பற்றி 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நந்தினி கதை எழுதியதே தெரியாது! வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் ‘லஜ்ஜா’ நாவலை ஒடியாவில் மொழிபெயர்த்ததும் இவர்தான். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், டீ சொல்ல வேண்டும்.