பொருள்: கேக் சுவை உலா – மூன்று கடைகளில் ஒரே கேக்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை உங்கள் நிறுவனம் நடத்திய கேக் சுவை உலாவில் நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். நகரத்தின் ஐந்து பேஸ்ட்ரி கடைகள். ஐந்திலும் ஓபரா கேக் (காபிப் பாகு ஊறிய ஸ்பாஞ்ச், பட்டர் க்ரீம், சாக்லேட் என அடுக்கடுக்காக வரும் கேக்), அதோடு அந்தந்தக் கடையின் சிறப்பு வகை ஒன்று. 'ஒரே கேக், ஐந்து கைப்பக்குவம், தீர்ப்பு உங்களுடையது' என்பது உங்கள் விளம்பரம். தீர்ப்பைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் கடையில் ஒரு குறையும் இல்லை. மொறுமொறுப்பான மாவு அடுக்குகளுக்கு இடையே க்ரீம் வைக்கும் மில்ஃபேய்தான் அங்கே சிறப்பு வகை; நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு க்ரீம் நிரப்பினார்கள். வெண்ணெய் வைத்த மாவை மூன்றாக மடித்துத் தேய்ப்பதை ஆறு முறை செய்தால் 729 வெண்ணெய் அடுக்குகள் வரும். முன்கூட்டியே க்ரீம் வைத்துவிட்டால் அத்தனை உழைப்பும் நமத்துப்போகும். அது தெரிந்த கடை. ஓபராவும் அப்படித்தான்: பாதாம் மாவு கலந்த ஸ்பாஞ்சில் காபிப் பாகு அடிவரை ஊறியிருந்தது, பட்டர் க்ரீம் குளிர்ச்சி தணிந்து இளகியிருந்தது.

இரண்டாவது கடையின் ஓபராவை வாயில் வைத்ததும் மேலே இருந்த சாக்லேட் பூச்சு மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டியது. நல்ல சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நாக்கின் சூடே அதற்குப் போதும். உருகாமல் நிற்பது வேறு கொழுப்பு. நடு அடுக்கில் பாகு இறங்கவே இல்லை. சரி, ஒப்பிடத்தானே வந்தோம் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது கடையில் அதே மெழுகு, அதே வறண்ட நடு அடுக்கு. "இது போன கடையில் சாப்பிட்டதுதானே?" என்றாள் அக்கா. இனிப்பு மிகுந்து அவளுக்கு நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தேன். நான்காவது கடையிலும் அதுவே வந்தபோது தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று இடங்களிலும் கீழிருந்து இரண்டாவது ஸ்பாஞ்ச் இடப்பக்கம் தடித்து, வலப்பக்கம் மெலிந்திருந்தது. அடியில் வைத்த அட்டையிலும் ஒரே முத்திரை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை: "ஒரே வண்டிதான் சார், அந்த இரண்டு கடைகளிலும் இறக்கிவிட்டுத்தான் இங்கே வரும்." அவரையோ, கடைக்குக் கடை 'இந்த மாஸ்டரின் கைவண்ணமே தனி' என்று ஒப்பித்த உங்கள் வழிகாட்டியையோ நான் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அந்த இளைஞர் சொன்னார்.

வெளியே வாங்கி விற்பது தவறில்லை. அதை ஒப்பீடு என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கியதுதான் தவறு. வியன்னாவில் ஸாகர் டோர்ட் என்ற ஒரே சாக்லேட் கேக்குக்காக ஸாகர் ஹோட்டலும் டேமல் கடையும் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1963இல்தான் சமரசத்துக்கு வந்தன. ஆப்ரிகாட் ஜாமைப் பூச்சுக்கு அடியில் மட்டும் தடவுவதா, நடுவிலும் தடவுவதா என்பதும் அந்தச் சண்டையில் இருந்தது. ஒரு ஜாம் அடுக்குக்கு அங்கே அவ்வளவு ரோஷம்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த மதிப்பெண் அட்டையில் அந்த ஒரே கேக்குக்கு நான் இரண்டாவது கடையில் 6, மூன்றாவதில் 5, நான்காவதில் 3 போட்டிருக்கிறேன். கேக் மாறவில்லை, நாக்குத்தான் சலித்துக்கொண்டே போயிருக்கிறது. ஐந்தாவது கடை தானே செய்து தருகிறது. அதற்கு நான் போட்டது 4. மனம் உறுத்தவே, திங்கட்கிழமை தனியாகப் போய், தண்ணீர் குடித்து வாயைச் சுத்தமாக்கிக்கொண்டு மறுபடி சாப்பிட்டேன். தயங்காமல் 8 கொடுக்கலாம். இந்த அட்டைகளைக் கூட்டித்தான் நீங்கள் மாதந்தோறும் 'நகரின் சிறந்த ஓபரா' பட்டியல் வெளியிடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் தெரிவது கடைகளின் தரமா, உங்கள் வேன் எங்களை அழைத்துப்போகும் வரிசையா?

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமையே மின்னஞ்சலில் எழுதினேன். 'சுவை என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆளுக்கு ஆள் மாறட்டும். கடைக்குக் கடை மாறவில்லை என்பதுதானே என் புகார்?

இருவரின் கட்டணத்திலும் ஐந்தில் இரண்டு பங்கைத் திருப்பித் தர வேண்டும். மூன்று கடைகளின் கேக்கில் ஒன்றுக்கு நாங்கள் பணம் தரக் கடமைப்பட்டவர்கள். அதையே மறுபடி இரண்டு முறை தின்றதற்கு அல்ல. எங்கள் அட்டைகளை இந்த மாதக் கணக்கிலிருந்து நீக்குங்கள். இனி விற்கும் டிக்கெட்டில் எந்தக் கடை சொந்தமாகச் செய்கிறது, எது வாங்கி விற்கிறது என்று அச்சிடுங்கள். வேன் போகும் வரிசையையாவது வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள். ஐந்தாவது கடைக்காரருக்கு அந்த நியாயமாவது கிடைக்கட்டும்.

கட்டண ரசீது, மூன்று கேக் துண்டுகளின் படங்கள், மதிப்பெண் அட்டைகளின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்